அம்மாவின் தையல் மிஷினும் எண்பது மர மிஷின்களும்

போன மாதம் ஒரு பழம்பொருள் வியாபாரி வீட்டுக்கு வந்தார். யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அம்மா, உங்க கிட்ட பழைய சிங்கர் கால் மிஷின் இருக்குன்னு கேள்விப்பட்டேன். நல்ல விலை தர்றேன்" என்றார். மிஷின் ஓடுகிறதா என்று அவர் கேட்கவே இல்லை. குனிந்து இரும்புக் காலைத்தான் பார்த்தார். பூவேலை செய்த அந்த இரும்புக் காலுக்கு மேல் ஒரு பளிங்குப் பலகையைப் போட்டால் அழகான மேஜை ஆகிவிடுமாம். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் உள்ள காப்பிக் கடைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிதிமேல் காலை வைத்துக்கொண்டு பிள்ளைகள் காப்பி குடிக்கிறார்கள்.

"தலை வேண்டாமா?" என்று கேட்டேன்.

"தலைய நீங்களே வச்சுக்கலாம்மா" என்றார், ஏதோ சலுகை கொடுப்பதைப் போல.

தலை இல்லாத மிஷினை நான் ஒரு தடவை பதினோரு மாதம் பார்த்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவைத்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இப்போது எழுபத்தைந்தை நெருங்குகிறது. முப்பத்தெட்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு கட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தொடங்கியதுதான் இந்த ஒட்டுத்துணிப் போர்வை வேலை. காலையில் காப்பி, பேப்பர் முடிந்து, பத்து மணி வெயில் ஜன்னலில் விழும்போது மிஷினில் உட்காருவேன். வேலை நாளில் அலுவலகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்ட அதே நேரம்!

முதலில் சின்ன பிரஷ்ஷால் பல்லுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சைத் தட்டிவிட வேண்டும். பிறகு எண்ணெய், துளைக்கு ஒரு சொட்டு. அதிகம் விட்டால் துணியில் கறை பட்டுவிடும். என் மிஷினுக்கு வட்டப் பாபின் கிடையாது. நீளமான பாபின், படகு மாதிரி ஒரு ஷட்டிலுக்குள் உட்கார்ந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வரும். ஊசி மேல்நூலைக் கீழே கொண்டுபோய் ஒரு வளையமாக விடுகிறது. படகு அந்த வளையத்துக்குள் புகுந்து போகும்போது கீழ்நூல் அதில் மாட்டிக்கொள்கிறது. அதுதான் பூட்டுத்தையல். இரண்டு நூலும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் ஒரு முனையை இழுத்தால் முழுவதும் பிரிந்துவராது.

தெருமுனை டெய்லர் வெட்டுத்துணிகளைப் பை நிறையக் கொடுப்பார். நாலரை அங்குலச் சதுரமாக வெட்டுகிறேன். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போனால் நாலு அங்குலம் மிஞ்சும். குறுக்கே 12, நெடுக 15, ஆக 180 சதுரம். நாலடி அகலம், ஐந்தடி நீளத்தில் ஒரு பிள்ளைக்குப் போர்வை. கேட்பதற்குச் சுலபம். கால் அங்குலத் தையலில் ஒரு நூலிழை பிசகினாலும் பன்னிரண்டாவது சதுரத்தில் மூலை மூலையோடு சேராது. கணக்கில் ஒரு பைசா இடித்தால் பக்கம் முழுவதும் திருப்பிக் கூட்டிய எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. மேல்துணி முடிந்தால் நடுவில் பழைய பருத்திப் புடவை இரண்டு மடிப்பு, கீழே ஒரு உள்துணி. மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போட்டு முடிக்க ஒரு மாதம் ஆகும்.

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று என் பழைய சகா ஒருவர் கிண்டல் செய்தார். அப்படியில்லை. வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, வட கன்னடத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவுதி எல்லாமே பழந்துணியை அடுக்கித் தைப்பவைதான். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பாட்டியின் பழம்புடவையை மடித்துத் தைத்துப் போட்டதில்லையா?

இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. சுமார் 1708ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் ஒட்டியிருப்பது இந்தியச் சீட்டித்துணி. சோழமண்டலக் கரையில் எழுதிய, அச்சடித்த பருத்தித் துணிகளுக்கு அப்போது ஐரோப்பா முழுவதும் கிராக்கி. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றை 'ஆந்தியேன்' என்றார்கள், அதாவது இந்தியத் துணி. இங்கே இருந்த கேர்தூ என்ற பாதிரியார் 1742இல் ஒரு நீண்ட கடிதமே எழுதினார். நம் ஊர்க்காரர்கள் துணியை எப்படிப் பதப்படுத்துகிறார்கள், சாயம் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிய கடிதம்.

அந்தக் கடிதம் போனபோது பிரான்ஸில் இந்தத் துணிக்குத் தடை இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1686இல் போட்ட தடை 1759 வரை நீடித்தது. காரணம், அங்கிருந்த பட்டு நெசவாளர்களும் கம்பளி நெசவாளர்களும் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று முறையிட்டார்கள். உடுத்தியவர்களுக்குக் கூட அபராதம். நம் ஊர் நெசவாளியின் கைத்திறமை லியோன் நெசவாளியின் அடுப்பை அணைக்கும் என்று பயந்தார்கள். அதற்கப்புறம் நூறு வருடத்தில், ஐரோப்பாவின் ஆலைத்துணி வந்து நம் நெசவாளியின் அடுப்பை அணைத்தது. யார் பயந்தாலும் அந்தப் பயம் வெறும் அறியாமை இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கதைக்கு அது தேவை.

நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் 'கூத்தூர்', அதாவது தையல் வகுப்பு. மத்மசேல் ஒருநாள் தைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு பார்தெலெமி திமோனியே கதையைச் சொன்னார். லியோன் பக்கத்து ஏழைத் தையற்காரர். 1793இல் பிறந்தவர். சொந்தத் தொழிலைக்கூட விட்டுவிட்டு ஒரு மர மிஷின் செய்து, 1830இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். கொக்கி ஊசியால் சங்கிலித்தையல் போடும் மிஷின். இன்றும் அரிசி மூட்டையின் வாயைத் தைப்பது அந்தத் தையல்தான். சரியான முனையை இழுத்தால் சரசரவென்று பிரிந்து வரும், பார்த்திருப்பீர்கள். பாரிஸில் ஸேவ்ர் தெருவில் எண்பது மிஷின்களோடு ஒரு பட்டறை தொடங்கினார்கள். பட்டாளத்துக்குச் சீருடை தைக்கும் வேலை. 1831 ஜனவரியில் பாரிஸ் தையற்காரர்கள் கூட்டமாக வந்து அந்த மிஷின்களை உடைத்துப்போட்டார்கள். திமோனியே ஊருக்குத் திரும்பினார். மறுபடியும் மறுபடியும் முயன்றும் பலன் இல்லை. 1857இல் வறுமையிலேயே இறந்தார்.

"பாருங்கள், அறியாமை என்ன செய்யும்!" என்று மத்மசேல் முடித்தார். நாங்களும் தலையாட்டினோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அம்மா மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார். அப்பா இல்லாத வீட்டில் அந்த மிஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதனால் மிஷின் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்தேன். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, "அந்த எண்பது மிஷினும் யாரோடது பாப்பா? தைக்கிறவங்களோடதா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. முதலாளிகளுடையதுதான் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். திமோனியேவே அங்கே கூட்டாளிகளின் பணத்தை நம்பி இருந்தவர்தான்.

அம்மாவின் மிஷின் வந்த கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு சைகோனில் வேலை. அந்தக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பாதிப்பேருக்கு சைகோன் கதை ஒன்று இருக்கும். 1954இல் எல்லோரும் மூட்டை கட்டினபோது நாங்களும் கப்பலேறினோம். எனக்கு நாலு வயது. அங்கே பழையதாக வாங்கிய மிஷினை அப்பா மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்துக் கொண்டுவந்தார். அதன் எண் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரில் சிங்கர் கம்பெனியின் ஆலையில் செய்தது என்று அதற்கு அர்த்தம்.

இந்த மிஷினுக்கும் திமோனியேவின் மிஷினுக்கும் நடுவில் அமெரிக்கா வருகிறது. ஊசியின் கண்ணை நுனியில் வைத்து, கீழே ஷட்டிலை ஓட்டிப் பூட்டுத்தையல் போடும் மிஷினுக்கு எலியாஸ் ஹோ என்பவர் 1846இல் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் வந்தார். நாடக நடிகர், வாய்ச்சாலகர். இருவருக்கும் வழக்கு நடந்தது. ஹோவுக்கு சிங்கர் பணம் கொடுக்கவேண்டி வந்தது. ஆனால் சிங்கர் கம்பெனிதான் நிலைத்தது. அதற்குக் காரணம் அவருடைய கூட்டாளியான வக்கீல் எட்வர்ட் கிளார்க் 1856இல் கொண்டுவந்த தவணை முறை. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். ஒரு மிஷினை மொத்தமாக வாங்க முடியாத வீட்டுக்குள்ளும் மிஷின் நுழைந்தது. இன்று பிரிட்ஜ், டிவி எல்லாம் வாங்குகிறோமே, அந்தத் தவணைக்கு இதெல்லாம் முன்னோடி.

மிஷின் எவ்வளவு நேரத்தை மிச்சம் பிடித்தது? 1860களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் கம்பெனி வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு ஆண் சட்டையைக் கையால் தைக்கப் பதினாலரை மணி நேரம். மிஷினில் ஒன்றேகால் மணி. கம்பெனிக்காரர் கணக்குதானே, கூட்டித்தான் சொல்லியிருப்பார் என்று நானும் நினைத்திருப்பேன், அந்தப் பதினோரு மாதத்தைப் பார்த்திராவிட்டால்.

அப்பா 1961இல் காலமானார். அடுத்த வருடம் ஆகஸ்ட் 16, சட்டப்படியான இணைப்பு. 1963இல் யூனியன் பிரதேசம். கொடியேற்றியது நினைவிருக்கிறது, மிட்டாய் கொடுத்தார்கள். எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு வந்த சங்கடம் மெதுவாகத்தான் புரிந்தது. அலுவலகங்களில் கோப்புகள் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. 'ப்ரவே' பாஸ் செய்த எனக்கு ஒரு விடுமுறை விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரியாது. பிரான்ஸுக்குப் போகிறவர்கள் போனார்கள். நாங்கள் இருந்துவிட்டோம். குமாஸ்தா வேலை வேண்டுமென்றால் ஆங்கிலம் வேண்டும், டைப்ரைட்டிங் வேண்டும்.

1969இல் இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் காதில், கழுத்தில் இருந்ததெல்லாம் அப்பாவின் வைத்தியத்துக்குப் போயிருந்தன. "ஒரே மாசம்மா, சீட்டுப் பணம் வந்ததும் மீட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன். அம்மா மறுக்கவில்லை. அடகுக் கடைக்காரர், கால் வேண்டாம், இடத்தை அடைக்கும், தலையை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார். திருகாணிகளைக் கழற்றி, தலையைப் பழைய போர்வையில் சுற்றி, ரிக்ஷாவில் வைத்துக் கொண்டுபோனோம். நூறு ரூபாய் கொடுத்தார்.

சீட்டுப் பணம் வந்தது. வேறு கடனுக்குப் போயிற்று. ஒரு மாதம் என்றது பதினோரு மாதம் ஆயிற்று.

தலை இருந்த இடத்தில் பலகையில் ஒரு பெரிய ஓட்டை. அதன்மேல் ஒரு அட்டையைப் போட்டு மூடி, அதில்தான் நான் ஆங்கிலம் படித்தேன். கால் வைக்க வசதியாக மிதி இருந்தது. படிக்கும்போது என்னை அறியாமல் மிதிப்பேன். சக்கரம் சும்மா சுற்றும். எதிரில் லாந்தரை வைத்துக்கொண்டு அம்மா கையால் தைப்பார். மிஷினில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஜாக்கெட்டுக்கு ஒன்றரை நாள் ஆகும். 'புவேன் ஆரியேர்' என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த பின்தையல். ஓர் அடி முன்னால் போய் அரை அடி பின்னால் வருவது. கூலி அதேதான். கையால் தைத்தது என்று யாரும் கூடக் கொடுக்கவில்லை. தையல் ஒரே மாதிரி இல்லை என்று குறைத்தவர்கள் உண்டு. இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வேறு தையற்காரியிடம் போய்விட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் ஒரு வாரம் அம்மா படுக்கவேயில்லை. அந்த வருடம்தான் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் கோத்துக் கொடுத்துவிட்டுப் பாடத்தைப் பார்ப்பேன். கண்ணுக்கு என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அதுதான் உறுத்துகிறது.

1970இல் வேலை கிடைத்தது. எல்.டி.சி. அடிப்படைச் சம்பளம் 110 ரூபாய். முதல் சம்பளத்தில் வட்டியைக் கட்டினேன். இரண்டாவது சம்பளத்தில் அசலைக் கட்டி மீட்டுக்கொண்டு வந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அழுவார் என்று எதிர்பார்த்தேன், அழவுமில்லை. பல்லைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், பெல்ட்டை மாட்டினார். ஒரு நீலத் துணித் துண்டை எடுத்து, நேராக ஒரு தையல் ஓட்டிப் பார்த்தார். டென்ஷன் திருகை அரைச்சுற்றுத் திருப்பி, பக்கத்தில் இன்னொரு தையல். அது சரியாக விழுந்ததும், "பானையில சோறு இருக்கு, போய்ச் சாப்பிடு" என்றார். அன்று இரவு வெகுநேரம் மிஷின் சத்தம் கேட்டது.

காந்தியடிகள் இயந்திரங்களுக்கு எதிரி என்று பொதுவாகச் சொல்வார்கள். 1924இல் ராமச்சந்திரன் என்ற மாணவர் அவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, தையல் மிஷினுக்கு அவர் விலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் கேள்விப்பட்ட கதை. உண்மையான சிங்கர் அப்படிப்பட்டவர் இல்லை. பல குடும்பங்கள், இருபதுக்கு மேல் பிள்ளைகள். லாபத்துக்குச் செய்த மனிதர். ஆனாலும் காந்தி சொன்ன விஷயம் தப்பில்லை என்றே நினைக்கிறேன். சரி, அப்படியானால் அந்த மிஷின்களைச் செய்யும் ஆலைக்கு இயந்திரங்கள் வேண்டுமே என்று அந்த மாணவர் விடவில்லை. அத்தகைய ஆலை தேசத்துக்குச் சொந்தமாகவோ அரசின் பொறுப்பிலோ இருக்க வேண்டும், வேலை செய்பவர்களின் நிலை நன்றாக இருக்க வேண்டும் என்றார் காந்தி. அம்மா சக்கரத்தை நிறுத்திவிட்டுக் கேட்ட கேள்வியும் அதுதானே!

என் மிஷின் பிறந்த கிளைட்பேங்க் ஆலையிலேயே அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. 1911இல் மரப்பெட்டிக்கு மெருகு போடும் பன்னிரண்டு பெண்கள், குறைந்த ஆட்களை வைத்து அதே வேலையை வாங்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்த்து வெளியே வந்தார்கள். அவர்களுக்காகச் சுமார் பதினோராயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள். போராட்டம் தோற்றது. முன்னால் நின்றவர்கள் பலருக்கு வேலை போயிற்று. அந்த ஆலையும் 1980இல் மூடப்பட்டது. நம் ஊரில் 1936 ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு உயிர் போயிற்று. அவர்களும் மிஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிஷினோடு எத்தனை மணி நேரம், என்ன கூலிக்கு என்றுதான் கேட்டார்கள்.

அம்மா 1998இல் போய்ச் சேர்ந்தார். மிஷினின் பக்கவாட்டு இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, பழைய ஊசிகள், சாக்குக்கட்டி, பட்டன்களுக்கு அடியில் அந்த நீலத் துண்டு மடித்து வைத்திருந்தது. இரண்டு வரித் தையலோடு. அம்மா எதையும் சேர்த்து வைக்கிற ஆள் இல்லை.

பல வருடம் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது தைக்கிற போர்வையின் நடுவில் வைத்துவிட்டேன். நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்ததால் ஓரத்தில் ஒரு பட்டி ஒட்ட வேண்டியிருந்தது. லியோனில் இருக்கும் என் தம்பி மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அவளுக்கான போர்வை. அவன் வீட்டிலிருந்து திமோனியே வாழ்ந்து இறந்த அம்ப்ளப்புயி ஊர் தூரமில்லை. அங்கே அவர் பெயரில் ஒரு மியூசியம் இருக்கிறது, போய்ப் பார் என்று எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் போட்டோ அனுப்பியிருந்தான். மரச்சட்டம், பெரிய சக்கரம், ஒற்றை ஊசி. "அத்தை, இதுக்கா அவ்வளவு கலாட்டா?" என்று கேட்டிருந்தான். போர்வையோடு ஒரு நீண்ட கடிதமும் வைக்கப்போகிறேன். குழந்தை பெரியவளானால் படித்துக்கொள்ளட்டும்.

வியாபாரி திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரட்டும். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் மிஷின் ஓடுவதைப் பார்க்கலாம்.